ஆறு மேசை உத்தியோகம்

இணுவில்,
திங்கட்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும், போன வருடம் அனுப்பிய சப்பாத்து ஒரு இலக்கம் சிறிதென்றாலும் அதற்குரிய நன்றிக்கும் பாத்திரமான சிவதர்ஷன் மாமா அவர்கட்கு,

மருமகன் லக்ஷன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, அண்ணை, நான், தோட்டத்து வெங்காயம் யாவரும் சுகம். ரொறன்ரோவில் நீங்களும் மாமியும் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், எங்கள் இல்லத்து வைஃபைப் பெட்டியானவர் கடந்த வெள்ளிக்கிழமை சுபவேளையில் விறாந்தை யன்னலை விட்டு நீங்கி, சுவாமி அறைக்கு எழுந்தருளி, பிள்ளையாருக்கு வலப்பக்கத்தில் வீற்றிருக்கிறார். அங்கேதான் சிக்னல் நல்லது. அம்மா அவருக்கும் திருநீறு பூசிப் பூ வைத்தா. வைத்த பிறகு இன்னும் ஒரு கோடு கூடியது. நான் சிரிக்கவில்லை, மாமா. அந்தப் பெட்டியில்தான் அண்ணையின் உழைப்பும் இப்போது கலியாணமும் தொங்குகின்றன.

வட்ஸ்அப் இருக்க ஏன் கடிதமென்று யோசிப்பீர்கள். என் போன் அம்மாவின் அலுமாரியில் சிறையிருக்கிறது. குற்றம் என்னவென்று பிறகு வரும். இக்கடிதம் செபநாயகம் அங்கிள் புதன்கிழமை பிளேனில் கொண்டுவரும் மோர்மிளகாய்ப் பார்சலின் அடியில் இருக்கும். வாசிக்கும்போது கண் கலங்கினால் அது பாசமில்லை, மிளகாய்.

விசயம் இதுதான். வாற ஞாயிறு உடுப்பிட்டியிலிருந்து மார்க்கண்டு அங்கிள் உங்களுக்குப் போன் எடுப்பார். அவருடைய மகள் மதுரா அக்காவை எங்கள் கோகுலன் அண்ணைக்குப் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளை உண்மையில் என்ன செய்கிறார் என்று உங்களிடம் கேட்பாராம். நீங்கள் சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே சரியான விடையை நான் தருகிறேன், நீங்கள் பாடமாக்குங்கோ.

முதலில் அண்ணையின் தொழில். கணிதத்தில் பட்டம் எடுத்து, இரண்டு வருடம் நியமனத்துக்குக் காத்திருந்து, காத்திருப்பதிலேயே இன்னொரு பட்டம் எடுக்கும் நிலைக்கு வந்தபிறகு, இணையத்தில் போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் இறங்கினார். காலை ஏழு மணிக்குக் குளித்து, திருநீறு பூசி, கட்டைக் காற்சட்டைக்கு மேலே அயன் பண்ணிய சேட்டும் போட்டு, கணினித் திரையில் ஆறு சீட்டாட்ட மேசைகளைத் திறந்துகொண்டு இருப்பார். அந்நேரம் உங்கள் ஊரில் இரவு. நித்திரை வராத கனடாக்காரரிடமிருந்துதான் எங்களுக்கு வருமானம். எனவே, மாமா, நித்திரை வராவிட்டால் பாலைக் குடித்துவிட்டுப் படுங்கோ, மேசைப் பக்கம் வராதையுங்கோ. இருபது கை சீட்டு வந்தால் அண்ணை பதினெட்டைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இத்தொழிலின் பெரும்பகுதி என்று அவர் விளங்கப்படுத்தியபோது, அப்பா, "அப்ப அரசாங்க உத்தியோகம் போலத்தான்" என்று ஆறுதலடைந்தார். தோட்டக் கிணற்று மோட்டரும் அப்பாவின் கண் ஒப்பரேசனும் அந்தச் சும்மா இருத்தலில் வந்தவை.

கையில் ஒன்றுமில்லாமல் பெரிதாகப் பந்தயம் வைத்து மற்றவனை வெருட்டுவதும் இதில் உண்டு. இணையத்தில் முகம் தெரியாது, ஆகவே ஒருவராலும் பிடிக்க முடியாது, அம்மாவைத் தவிர. அவ கதவடியில் நின்று, "தேத்தண்ணி குடிக்கிறியோ?" என்பா. நல்ல கை என்றால் "ஓம்." வெருட்டு என்றால் "வேண்டாம்." சீட்டென்றால் என்னவென்றே தெரியாமல் அம்மா ஆறு மேசையையும் அடுப்படியிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தா.

இரண்டு மாதமாக அண்ணை தேத்தண்ணியே குடிப்பதில்லை, மாமா.

மேசைகளில் மனிதர் குறைந்து, தானாகவே சீட்டாடும் மெசின்கள் கூடிவிட்டனவாம். மெசினுக்கு நித்திரையும் வராது, நித்திரை வராத கவலையும் வராது. போதாக்குறைக்கு அந்த ஆட்டத்தை நடத்தும் கொம்பனி ஒரு மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் நாட்டில் தொடர்ந்து நடத்துவதா இல்லையா என்று யோசிக்கிறோம் என்றது. எப்போது யோசித்து முடிப்பார்கள் என்று எழுதவில்லை. நான் அண்ணையிடம், "விடுங்கோ அண்ணை, அப்பாவின்ரை வெங்காயமும் எந்த வரியம் விலை போகும் எண்டு சொல்லிப்போட்டே முளைக்குது?" என்றேன். அவர், "தோட்டத்திலை மழை பெய்யாட்டி ஊர் முழுக்கப் பெய்யாதடா. நாலு பேரோடை நிண்டு வானத்தைத் திட்டலாம். இது எனக்கு மட்டும்தான் பெய்யாது" என்றார். பகிடி விட வாயைத் திறந்தேன். திறந்ததை மூடிக்கொண்டு வெங்காயத்துக்குத் தண்ணி விடப் போனேன். எனக்கு அப்படி நடப்பது குறைவு.

அவரைச் சிரிக்க வைக்கத்தான் அடுத்ததைச் செய்தேன் என்பதை அம்மா நம்புகிறாவில்லை. பக்கத்து வீட்டு நாகேஸ்வரி அன்ரி, "கொண்ணை உள்ளுக்கை இருந்து என்ன செய்யிறவர்?" என்று அண்ணையைப் பற்றிக் கேட்க, "கை பாத்துத்தான் உழைக்கிறார்" என்றேன். இதில் ஒரு சொல்லாவது பொய்யா? அடுத்த நாள் காலை அன்ரி வலது கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்கிறா, பின்னால் இன்னும் மூன்று பேர். அண்ணை ஒருவரையும் திருப்பி அனுப்ப மனமில்லாமல் கையைப் பார்த்து, "மகன் இந்தக் கிழமை கதைப்பான், அறுபது வீதம்" என்றார். மகன் அன்று பின்னேரமே சுவிஸிலிருந்து கதைத்துவிட்டான். மறுநாள் படலையில் ஒன்பது சைக்கிள். நானும் அதைப் படமெடுத்து, 'முன்பதிவுக்கு அழைக்கவும்' என்று அப்பாவின் நம்பரோடு முகநூலில் போட்டேன். போன் உள்ளே போன வரலாறு அது.

இனிச் சனிக்கிழமைக்கு வருவோம். மார்க்கண்டு அங்கிள் குடும்பம் பத்தரைக்குப் பிறகு வருவதாக ஏற்பாடு. அவர்களோ இராகுகாலம் தொடங்க முன்னமே வந்துவிட வேண்டுமென்று எட்டே முக்காலுக்கு ஓட்டோவில் வந்து இறங்கிவிட்டார்கள். அண்ணையோ மாதத்தில் ஒருமுறை வரும் பெரிய போட்டியில், கடைசி ஒன்பது பேரில் ஒருவராக இருக்கிறார். எழுந்து வந்து யன்னலால் கும்பிட்டார். யன்னலுக்கு மேலே அலுவலகம், கீழே கட்டைக் காற்சட்டை. பிறகு வேட்டி கட்டப் போனார்.

சீட்டு என்ற சொல்லே வீட்டில் வரக்கூடாது, அவர்கள் ஆசாரமான ஆட்கள் என்று அம்மா முதல்நாளே சத்தியம் வாங்கியிருந்தா. அங்கிள் கதிரையில் இருந்ததும், "மாப்பிளைக்கு என்ன உத்தியோகம்?" என்றார்.

"மேசை உத்தியோகம்," என்றா அம்மா. "வெளிநாட்டுக் கொம்பனி."

"எத்தினை மேசை?"

அம்மா என்னைப் பார்த்தா. "ஆறு, அங்கிள்," என்றேன்.

"ஒரே நேரத்திலையோ? நான் அரசாங்கக் கச்சேரியிலை முப்பது வரியம் கிளாக்கரா இருந்தனான், ஒரு மேசையோடையே பெரிய பாடு. பென்சன் இருக்கோ?"

"ஓய்வூதியத்தைப் பிரிச்சுத்தான் குடுப்பினம், அங்கிள். ஓய்வு இப்ப. ஊதியம் அப்பப்ப."

அங்கிள் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, "அப்ப அந்த மேசையளை ஒருக்காப் பாப்பமே" என்று எழுந்தார். அம்மாவின் முகம் அவித்த மரவள்ளியாகிவிட்டது. அப்போதுதான், மாமா, உங்கள் மருமகன் யாரென்று உலகம் கண்டது. நான் பின்பக்கத்தால் ஓடி, அறைக்குள் புகுந்து, ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். சீட்டெல்லாம் மறைந்தது. அங்கிள் வந்தபோது திரையில் அப்பாவின் வெங்காயக் கணக்கு. அங்கிள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். குடும்ப மானம் என் ஆட்காட்டி விரலால் தப்பியது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொல்ல வேண்டியது: மேசை உத்தியோகம்தான், ஆறு மேசை, நிரந்தரம். இருமல் வந்தாலும் இருமாமல் சொல்லுங்கோ.

மாமிக்கும் சின்னனுகளுக்கும் என் அன்பு. பிள்ளையாரும் அவருக்குப் பக்கத்திலிருக்கும் பெட்டியாரும் உங்களுக்கு நீண்ட ஆயுளும் அறாத தொடர்பும் அருளட்டும்.

இங்ஙனம்,
குடும்ப மானங் காத்த மருமகன்,
லக்ஷன்.

பி.கு.: மேலே உள்ளதை அண்ணை வாசித்துவிட்டார். கிழிக்க வேண்டாம், உண்மையைக் கீழே எழுது என்று பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறார். எழுதுகிறேன்.

நான் தட்டியது மூடுகிற பொத்தான் இல்லை. 'இருக்கிறதெல்லாத்தையும் பந்தயத்திலை போடு' என்ற பொத்தான். அண்ணையின் கையில் இருந்தது ஒரு ஏழும் ஒரு இரண்டும். போக்கரில் அதைவிடக் கேவலமான கை இல்லையாம். ஒரு மாதம் காத்திருந்த போட்டி அரை நிமிடத்தில் முடிந்தது. வெங்காயக் கணக்கு என்று ஒன்று அந்தக் கணினியிலேயே இல்லை. பின்னால் நின்ற மார்க்கண்டு அங்கிள், "தம்பி, உந்தக் கையைக் கீழை வைச்சிருக்க வேணும்" என்றார். "எங்கடை முன்னூற்றிநாலு விளையாட்டிலை ரண்டைச் சீட்டுக்கட்டிலையே சேர்க்கிறேல்லை. நீர் ரண்டை நம்பி எல்லாத்தையும் போட்டிட்டீர்." அவர் ஊர்ச் சனசமூக நிலையத்தில் இருபது வருடம் முன்னூற்றிநாலு அடித்தவராம்.

அண்ணை வேட்டியோடு வந்து திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, எழும்பு. அங்கிளுக்குக் கதிரையைக் குடு," என்றார். அவ்வளவுதான்.

அவர்களுக்கு எல்லாம் முன்னமே தெரியும், மாமா. மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயிலில் பெண் பார்த்த அன்றே அண்ணை மதுரா அக்காவிடம் தொழிலையும், அந்த மின்னஞ்சலையும் சொல்லியிருக்கிறார். அவ அன்றே தகப்பனிடம் சொல்லியிருக்கிறா. சனிக்கிழமையும் அண்ணை எல்லாருக்கும் முன்னால், "இது இன்னும் எவ்வளவு நாளைக்கு ஓடுமெண்டு எனக்குத் தெரியாது. பின்னேரத்திலை கணக்குப் படிப்பிக்க ரியூசனிலை கேட்டிருக்கிறன்" என்றார். உடுப்பிட்டியில் ரீச்சராக இருக்கும் மதுரா அக்கா, "எனக்குப் பென்சன் இருக்கு. ஒரு வீட்டுக்கு ஒண்டு போதும்" என்றுவிட்டு, அம்மாவின் கையிலிருந்த தட்டத்தை வாங்கி அண்ணையிடம், "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டா.

"ஓம்," என்றார் அண்ணை. அம்மா அடுப்படிக்குள் போய்ச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா.

போகும்போது மார்க்கண்டு அங்கிள் அப்பாவிடம் சொன்னது இது: "மாப்பிளையிலை எனக்குப் பயமில்லை. மாப்பிளையின்ரை தம்பியிலைதான் பயம். கை பாக்கிற கதையும் உடுப்பிட்டி வரைக்கும் வந்திட்டுது." ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து உங்களிடம் விசாரிக்கப்போவது என்னைப் பற்றித்தானாம்.

அண்ணை இப்போது தேத்தண்ணி குடிக்க எழும்பிவிட்டார், ஆகவே அவசரமாக முடிக்கிறேன். அண்ணையைப் பற்றிக் கேட்டால் உண்மையையே சொல்லுங்கோ. என்னைப் பற்றிக் கேட்டால் மட்டும், மாமா, கொஞ்சம் வெருட்டுங்கோ.