சரிபார்க்காமல் திறக்கக் கூடாது

“என் குரல்கூடவா உனக்குத் தெரியல? நான்தாம்மா, மேனேஜர்!”

“குரலை வெச்சு நம்பக் கூடாது சார். இப்பல்லாம் யார் குரல்ல வேணும்னாலும் மெஷினே பேசுது. போன வாரப் பயிற்சியில போட்டுக் காட்டினாங்களே” என்றாள் போன் அக்கா.

அட்டைப்பெட்டிக் கம்பெனியின் வாசல் மேசையில் பதினான்கு வருஷமாக உட்கார்ந்து, வருகிற போனையெல்லாம் எடுப்பவள் அவள். அதனால் அந்தப் பெயர்.

“சரி, நல்லாக் கேளு. நான் ஃபைல் ரூம்ல மாட்டிக்கிட்டேன். காத்துல கதவு சாத்திக்கிச்சு. உன் பின்னால பலகையில சாவி தொங்குது பாரு, எடுத்துக்கிட்டு சீக்கிரம் வா. யார்கிட்டயும் சொல்லாத, மானம் போயிடும்.”

“இது என்ன நம்பர் சார்? எங்க மேனேஜர் நம்பர் இது இல்லையே?”

“இன்னைக்கு வாங்கின புது போன். பழசு என் மேசையில சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கு. இதுல ஒருத்தர் நம்பரும் இல்ல. என் பெண்டாட்டி நம்பரே எனக்கு மனப்பாடமாத் தெரியாது. ஆபீஸ் நம்பரைக்கூட இங்க இருக்கிற ஃபைல் அட்டையைப் பார்த்துத்தான் அடிச்சேன்.”

அக்கா தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். மேனேஜர் கையெழுத்துப் போட்டு எல்லார் மேசையிலும் வைத்த சுற்றறிக்கை அது. போன மாதம் அக்கவுண்டன்ட், ‘உங்கள் பார்சல் வழியில் நிற்கிறது’ என்று வந்த ஏதோ ஒரு லிங்கை அமுக்கப்போய், ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் மொத்தமும் நான்கு நாள் உறைந்து நின்றன. அன்றிலிருந்து அக்கவுண்டன்டுக்கு ‘லிங்க்’ என்றே பெயர் ஆகிவிட்டது. சுற்றறிக்கையும் வந்தது.

“புது நம்பர் ஒண்ணு. அவசரம் ரெண்டு. யார்கிட்டயும் சொல்லாதேங்கிறது மூணு. அஞ்சு மோசடி அடையாளத்துல ஒண்ணு இருந்தாலே போனை வெச்சிடச் சொல்லியிருக்கு சார். நீங்க மூணு வெச்சிருக்கீங்க.”

வைத்துவிட்டாள்.

அடுத்த மேசையில் லிங்க் நகம் கடித்துக்கொண்டிருந்தார். “யாருக்கா?”

“மேனேஜர் மாதிரி ஒருத்தர். ஃபைல் ரூம்ல இருக்காராம். சாவி வேணுமாம்.”

“ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வரட்டா?”

“போன தடவையும் ஒரு எட்டு பார்க்கலாம்னுதானே அமுக்கினீங்க?”

லிங்க் எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார்.

மறுபடி மணி அடித்தது.

“இப்ப நீ வரல, நாளைக்கு உனக்கு வேலை இருக்காது!”

“மிரட்டல். நாலு” என்றாள் அக்கா. “ஆனா உங்களுக்கும் ஒரு வாய்ப்பு தர்றேன். தெரியாத நம்பர்ல இருந்து தெரிஞ்சவங்கன்னு சொல்லிப் பேசினா, அவங்களோட பழைய நம்பருக்கு நாமளே கூப்பிட்டுப் பார்க்கணும்னு போட்டிருக்கு. அப்படியே இருங்க.”

இன்னொரு இணைப்பிலிருந்து மேனேஜரின் பழைய நம்பரை அழுத்தினாள். மேனேஜர் அறையில் அது பாட்டுப் பாடிப் பாடி ஓய்ந்தது.

“பார்த்தீங்களா? எங்க மேனேஜர் எடுக்கல.”

“நான் இங்க இருக்கேன், அது அங்க இருக்கு, எப்படிம்மா எடுப்பேன்!”

“அதைத்தான் சார் நானும் சொல்றேன். அவர் போன் அவர் ரூம்ல இருக்கு. போனை விட்டுட்டு அவர் எங்கயும் போக மாட்டார். பாத்ரூமுக்குக்கூட.”

இந்த முறை மேனேஜரே வைத்தார். பத்து நிமிஷம் கழித்து ஆபீஸ் மின்னஞ்சலில் ஒன்று வந்தது. ‘என் புகைப்படத்தை இணைத்திருக்கிறேன். திறந்து பார். பார்த்துவிட்டுக் கதவைத் திற.’

லிங்கின் கை தானாக மவுஸுக்குப் போனது. “அக்கா, இணைப்பு! திறந்து பார்னு வேற போட்டிருக்கு!”

“மவுஸ்ல இருந்து கையை எடுங்க. இப்ப மெதுவா, அதைத் தொடாம, அழிங்க.”

லிங்க் கண்ணை மூடிக்கொண்டு அழித்தார். தலை முழுக்க ஒட்டடையோடு, ஃபைல் கட்டுகளுக்கு நடுவில் சிரிக்க முயன்றுகொண்டிருந்த மேனேஜரின் படம் யாரும் பார்க்காமலே குப்பைக்குப் போனது.

மூன்றாவது போனில் குரல் தேனாக வழிந்தது.

“ஏம்மா, நீ எவ்வளவு நல்ல ஊழியர்! இந்த வருஷத்துச் சிறந்த ஊழியர் விருது உனக்குத்தான். கூட ஒரு கைக்கடிகாரமும். சாவியை மட்டும் எடுத்துக்கிட்டு வா.”

“பரிசு!” என்று அக்கா மேசையைத் தட்டினாள். “அஞ்சும் சேர்ந்துடுச்சு சார். இனி நான் சைபர் போலீஸுக்குத்தான் சொல்லணும்.”

“போலீஸா? ஐயோ, வேண்டாம்! இரு, இரு. என்னை எப்படித்தான் நம்புவ? எதை வேணும்னாலும் கேளு. பேட்டரி வேற எட்டு சதவீதம்தான் இருக்கு.”

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“உண்மையான ஆளுக்கு மட்டும் பதில் தெரிஞ்ச ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லியிருக்கு. கேட்கறேன். அஞ்சு மாசமா எங்க மேனேஜருக்கு நான் ஒரே மனுவை நாலு தடவை எழுதிக் குடுத்திருக்கேன். அதுல என்ன எழுதியிருந்தது?”

மேனேஜர் ஊகிக்க ஆரம்பித்தார்.

“சம்பள உயர்வு?”

“தப்பு.”

“லீவு?”

“தப்பு.”

“உன் நாற்காலி ஆடுது, அதானே?”

“ஆடுது. ஆனா தப்பு.”

“அந்த மனு இப்ப எங்கம்மா இருக்கு?”

“நாங்க எழுதிக் குடுக்கறதை எல்லாம் எங்க மேனேஜர் எங்க வைக்கச் சொல்வாரோ, அங்கதான் இருக்கும் சார்.”

போனில் ஃபைல் கட்டுகள் சரியும் சத்தம் கேட்டது. தும்மல். இன்னொரு தும்மல்.

“மேல் தட்டா, கீழ் தட்டா?”

“உதவி செய்யக் கூடாது சார்.”

லிங்க் நகத்தை விட்டுவிட்டுப் பேனாவைக் கடிக்க ஆரம்பித்திருந்தார். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டே முக்காலைத் தாண்டியது.

“கிடைச்சிடுச்சு!” என்று ரிசீவர் அலறியது. “நாலும் ஒண்ணாவே இருக்கு.”

“படிங்க. சத்தமா.”

மேனேஜர் படித்தார். “‘ஐயா, கோப்பறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்துவிட்டது. கதவு சாத்திக்கொண்டால் உள்ளே இருப்பவர் வெளியே வர வழியில்லை. சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி...’”

குரல் தயங்கியது.

“மேல படிங்க சார்.”

“‘...பன்னிரண்டாம் தேதி நான் இரண்டரை மணி நேரம் உள்ளே அடைபட்டிருந்தேன். தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. கைப்பிடியை மாற்றித் தருமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’”

“ஓரத்துல சிவப்பு மையில என்ன எழுதியிருக்கு?”

“‘பார்த்தேன். கோப்பில் வைக்கவும்.’” குரல் இறங்கிவிட்டது. “கீழ என் கையெழுத்து. நாலுலயும்.”

“அப்ப நீங்க எங்க மேனேஜரேதான் சார்!” என்று அக்கா துள்ளி எழுந்தாள். பலகையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு நடைபாதையில் ஓடினாள். லிங்க் பின்னாலேயே ஓடினார்.

கதவு திறந்தது. மேனேஜரின் தலைமுடி ஒட்டடையில் நரைத்திருந்தது. மூக்கு சிவந்திருந்தது. கையில் நான்கு காகிதங்கள். வாயைத் திறந்தார். அக்கா சுற்றறிக்கையைக் கையோடு கொண்டுவந்து நீட்டிக்கொண்டிருந்தாள். ‘நானே கேட்டாலும் சரிபார்க்காமல் எதையும் திறக்கக் கூடாது’ என்ற வரிக்கு அடியில் அவருடைய கையெழுத்தே பளிச்சென்று இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

“ரொம்ப ஜாக்கிரதையா இருந்திருக்கே” என்றார் கடைசியில். “எல்லாரும் இப்படித்தான் இருக்கணும்.”

“உங்க பயிற்சிதான் சார்.”

“தச்சரைக் கூப்பிடு. இன்னைக்கே கைப்பிடி போடணும்.”

“எழுத்துல குடுத்துடுங்க சார்.”

கதவிலேயே காகிதத்தை வைத்து எழுதி, கையெழுத்திட்டு, தும்மிக்கொண்டே தன் அறைக்குப் போனார் மேனேஜர். லிங்க் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். “நான்னா மொதல் போன்லயே சாவியைக் குடுத்திருப்பேன்க்கா. உங்க உறுதி யாருக்கு வரும்!”

அக்கா அந்தக் காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு தச்சருக்குப் போன் போட்டாள். அவள் பேசி முடிக்கும்வரை, துடைப்பமும் காலி வாளியுமாகக் கூட்டுகிற அம்மா மேசையோரம் வந்து காத்து நின்றாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

“நீங்க சொன்ன மாதிரியே மொட்டை மாடி முழுக்கக் கழுவிட்டேன்க்கா. ‘ஃபைல் ரூம்ல சார் மாட்டிக்கிட்டுக் கதவைத் தட்டுறாரு’ன்னு பதினோரு மணிக்கு உங்ககிட்ட சொன்னேனே, அதை இப்ப வேற யார்கிட்டயாவது சொல்லலாமா?”