தேதி போடாத கண்ணீர் அஞ்சலி

பதறுகிற சுபாவம் உள்ளவர்களிடம் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. எதையும் நேரத்துக்கு முன்பே முடித்துவிடுவார்கள். நான் அப்படித்தான், உயிரோடு இருந்த ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்தேன்.

ஓசூரில் எங்கள் தென்மாவட்டக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. சிப்காட் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் தொடங்கியது. நம் ஆட்கள் யாரும் இங்கே அநாதையாகச் சாகக் கூடாது என்பதுதான் முதல் விதி. அதற்காகவே பாகலூர் சாலையில் ஒரு முதியோர் இல்லமும் நடத்துகிறோம். பொதுக்குழுவில், "படிச்ச புள்ள, வீட்டுல சும்மாதான இருக்கு" என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். (இடுப்பில் குழந்தையோடு சும்மா இருப்பது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

இல்லத்தில் பேச்சிமுத்து அண்ணாச்சி என்று ஒருவர். இரும்பு உருக்கும் வார்ப்பாலைப் புகையில் நுரையீரலைத் தொலைத்தவர். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "ஏம்மா, பய வாரேன்னு சொன்னானா?"

பய என்றது அவர் மகனை. மகனுக்குக் கோவில்பட்டிப் பக்கம் பொரிகடலைக் கடை. போன் செய்தால், "ஆயுத பூசை முடியட்டும்க்கா, எங்களுக்கு யாவாரமே இப்பத்தான்" என்பார். நான் அண்ணாச்சியிடம், "வருவார்" என்று மட்டும் சொல்வேன்.

பூஜைக்குச் சற்று முன்பு அண்ணாச்சி கண் திறக்கவில்லை. பார்க்க வந்த டாக்டர், "இனிமே தாங்காது, சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். சொன்னேன். மகன், "பூசை முடிஞ்ச அன்னைக்கே கிளம்பிருதேன்" என்றார்.

ஆயுத பூஜைக்கு ஓசூரே பூட்டிக்கொள்ளும். என் மனசு நேராக பேனருக்குப் போயிற்று. எங்கள் சங்கத்தில் இறந்தவருக்கு பேனர் கட்டாவிட்டால் செயலாளர் தலை உருளும். ஃப்ளெக்ஸ் கடைக்காரர், "மிஷினுக்குப் பொட்டு வெச்சிட்டா அப்புறம் தொடமாட்டோங்க மேடம். வேணும்னா இன்னைக்கே சொல்லிடுங்க" என்றார். சொல்லிவிட்டேன். மறைந்த தேதிக்கு மட்டும் இடத்தைக் காலியாக விடச் சொன்னேன். (உயிரோடு இருப்பவருக்குத் தேதி போடுவது அபசகுனம் அல்லவா? என் விவேகம் அந்த மட்டுக்கும் வேலை செய்தது.)

அச்சுக்கு முன் கடைக்காரர் அனுப்பிய பேனர் படத்தைச் செயற்குழு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "முன்னேற்பாடுதான். பெயர் சரியா, பாருங்கள்" என்று எழுதினேன். என் எழுத்து அங்கேயே நின்றுவிட்டது. படத்தை மட்டும் யாரோ எடுத்து அனுப்ப, அது கும்பிட்ட கை எமோஜிகளோடு கோவில்பட்டி போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை இல்லத்தில் சமைக்கும் மஞ்சுளாக்கா போன் செய்தார். "மேடம், தாத்தா எழுந்து உக்காந்து கஞ்சி கேக்கறாருங்க. வாசல்ல ஒரு வேன் வந்து நிக்குது, எல்லாரும் மாரடிச்சு அழுவறாங்க. நான் யாரை மொதல்ல கவனிக்கட்டும்?"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் நுழையும்போது அண்ணாச்சியின் தங்கை, "எங்கூடப் பொறந்த அண்ணே, எங்களை விட்டுட்டுப் போயிட்டியே!" என்று கட்டிலருகே விழப்போனார்.

"எங்கட்டி போனேன்? இங்கனதான கஞ்சி குடிச்சிக்கிட்டிருக்கேன்" என்றார் அண்ணாச்சி.

மகன் கையில் மாலையும் கோடி வேட்டியுமாக வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வந்துட்டியாடே" என்றார் அண்ணாச்சி. அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மகன் என் பக்கம் திரும்பினார். "பேனர்ல தேதி இல்லையேன்னு பாத்தேன், மறந்துட்டாவன்னு நெனச்சேன். கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன்க்கா. சரக்குப் பூரா நமுத்துப் போவும்."

"இன்னைக்கு ஒருநா இருந்துட்டுப் போயேம்டே" என்றார் அண்ணாச்சி.

மதியத்துக்குள் வேன் கிளம்பிவிட்டது. மாலையை மஞ்சுளாக்கா ஆயுத பூஜைக்குக் கிரைண்டருக்குப் போட்டுவிட்டார். ("புது மாலைங்க மேடம், வீணாக்குவானேன்?") கோடி வேட்டியை அண்ணாச்சி தடவிப் பார்த்து, "கரை நல்லாருக்கு" என்று அன்றைக்கே கட்டிக்கொண்டார். கேட்டவர்களிடமெல்லாம், "மவன் எடுத்தாந்தது" என்றார். என்னிடம் தனியாக, "நீ மட்டும் பேனர் அடிக்கலன்னா அந்தப் பய வந்திருப்பானா?" என்றார். நன்றிதான் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

தை மாதத்தில் அண்ணாச்சி போய்விட்டார். மகனுக்குப் போன் செய்தேன்.

"நல்லாப் பாத்துட்டியளாக்கா?"

"டாக்டரே சொல்லிட்டார்."

"அன்னைக்கும் டாக்டர்தான சொன்னாரு? எதுக்கும் இன்னொரு தடவை நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க."

இறந்தவரைப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்கும் பதில், "தூங்குத மாதிரில்லா இருக்கு" என்று வந்தது. ஃப்ரீசர் பெட்டியில் வைத்து மறுநாள் வரை காத்திருந்தோம். மகன் நம்பிக் கிளம்பி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அண்ணாச்சியை அந்தக் கோடி வேட்டியோடுதான் அனுப்பினோம். பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த பேனரை எடுத்து, காலியாக இருந்த இடத்தில் மார்க்கரால் தேதியை எழுதினேன். எழுத்து கோணிவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் நான் எதைச் சொன்னாலும், கேஸை அணைத்துவிட்டேன் என்றாலும், கதவைப் பூட்டிவிட்டேன் என்றாலும், என் கணவர் உடனே, "நல்லாப் பாத்துட்டியளாக்கா?" என்பார். பேசப் பழகிய மகளும் அதையே மழலையில் சொல்கிறாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சிரித்துவிட்டு, எழுந்து போய் இன்னொரு தடவை பார்ப்பேன்.