உபகாரம் சாரைச் சுற்றும் பாதைகள்

மனிதரில் விளக்குவார் என்றோர் இனம் உண்டு. மழை வருமா என்று கேட்டால் போதும். மேகம் உண்டாகும் விதத்தில் ஆரம்பித்து, நீங்கள் தொப்பலாக நனைந்த பிறகுதான் நிறுத்துவார்கள்.

கொடைக்கானலுக்கு உபகாரம் சார் ஒருவரே போதும். மிஷன் பள்ளியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஏதோ ஒரு ஆங்கிலப் பத்திரிகையைப் படித்துவிட்டுக் கருந்துளையைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து, கிளாஸில் ஸ்பூனை விட்டுச் சுழற்றி, “இதுதான் கருந்துளை. சும்மா கெடக்கலை, சுத்துது. சுத்துறப்ப பக்கத்து வெளியையே சேர்த்து இழுக்குது. அங்க ஒருத்தனும் அசையாம நிக்க முடியாது” என்று தொடங்குவார். கடைக்காரர் உள்ளே போய்விடுவார்.

ஒருநாள் அப்படிச் சிக்கியவர், மலைக்குள் தள்ளி இருக்கும் கூக்கால் கிராமத்துப் பூண்டு விவசாயி கஸ்பார். சாயங்காலம் மகள் அருள்மேரியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மூன்று மணி பஸ்ஸை விட்டால் மறுநாள்தான். மடியில் லட்டுப் பொட்டலம். சார் அதைப் பிரித்தார்.

“இந்த லட்டு சுழற்சியோட கூடவே போகுது. அதனால ரொம்பக் கிட்டக்கூடப் பத்திரமாச் சுத்தலாம். இந்தா, இது எதிர்த்து வருது. தூரத்திலேயே தடுமாறி உள்ள விழுந்திரும்.”

விழுந்தது, சாரின் வாயில்.

பேரிக்காய் விற்கும் சோலையம்மாளும் சாரின் முழங்கையை உரசிக்கொண்டுதான் நின்றாள். “ஆமாங்க சார்” என்றாள், “வாஸ்தவந்தானுங்க” என்றாள், பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள். கஸ்பார் என்ன செய்தார்? “அதெப்படி சார், எதிர்த்து வர்றவன் வெரசா வந்தாத் தப்பிச்சிர மாட்டானா?” என்று கேட்டார். கேட்கலாமா? சாரின் முகம் மலர்ந்தது. அடுத்த லட்டை எடுத்தார். கண்டக்டர் விசில் அடித்ததும் பஸ் கிளம்பியதும் கஸ்பார் காதில் விழவேயில்லை.

கூக்காலில் மாப்பிள்ளை வீட்டார் வெறும் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அருள்மேரி தகப்பனோடு பேசுவதை நிறுத்தினாள். பாவம், அந்தப் பெண் என்ன செய்தாள்? எனக்கே சாரின் மேல் கோபம் கோபமாக வந்தது.

கஸ்பார் கெஞ்சிக் கூத்தாடினார். மாப்பிள்ளையின் தகப்பனார் ஜெபதுரை மறுபடியும் வரச் சம்மதித்தார். இந்தத் தடவை தவறக்கூடாதென்று அவரைக் கூட்டிப்போக கஸ்பாரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அதே கடையில் டீ வாங்கிக் கொடுத்தார்.

“அன்னைக்கு எங்கதான் போனீங்க?” என்று ஜெபதுரை சாதாரணமாகத்தான் கேட்டார்.

கஸ்பார் கிளாஸை முன்னால் இழுத்துவைத்து ஸ்பூனை எடுத்தார். “சொல்றேன் சம்பந்தி. இதான் கருந்துளைன்னு வச்சுக்கங்க. ஒருத்தன் எதிர்த்து வர்றான்...”

“அதெப்படி?” என்று ஜெபதுரை கேட்டுத் தொலைத்தார்.

பஸ் இருவரையும் விட்டுவிட்டுப் போயிற்று. கூக்காலில் அருள்மேரி இரண்டாவது முறையாகத் தலையில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏன் சிரிக்கிறீர்கள்? கருந்துளையைப் பற்றி நான் எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம் சொல்ல உங்களுக்கு இப்போதே வாய் துறுதுறுக்கவில்லையா? தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், எதிரே இருப்பவருக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.