மூன்று கரண்டி லேகியம்

மரக்காணம் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. ஆனாலும் வாசல் நிறையச் செருப்பு. "துறுதுறு பிள்ளைகளை அமைதியாக்கும் ஆயுர்வேத லேகியம், எல்லா வயதினருக்கும்" என்று மைக் கட்டிய ஆட்டோ ஒரு வாரமாக ஊரைச் சுற்றியிருந்தது. கத்தலைக் குறைக்கும் மருந்துக்கு அவ்வளவு கத்தல்.

மேடையில் 'மூலிகைச் செம்மல்' பக்தவச்சலம். போன முகாமில் லேகியம் வாங்கிய பிள்ளைகள் முன்வரிசையில், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டாமல் இருந்தார்கள். "கவனம் வந்திடுச்சி" என்று பெற்றவர்கள் பூரித்தார்கள்.

உப்பளத்தில் உப்பு வாரும் தெய்வநாயகி பூரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த அவள் மகன் விஜிக்குக் கவனக் குறைபாடு. வகுப்பில் ஒரு இடத்தில் உட்கார மாட்டான். பெரியாஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கலாம், மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். லேகியம் ஒரே நாளில் உட்கார வைத்தது. நேற்று உப்புப் பாத்தி வரப்பில், கொதிக்கிற வெயிலில் சுருண்டு கிடந்தவனை முகத்தில் தண்ணீர் அடித்துத்தான் எழுப்ப முடிந்தது.

அவள் எழுந்தாள். "ஐயா, இதுல என்னா போடுறீங்க?"

"வல்லாரை, பிரம்மி, முன்னோர் ஞானம்மா."

"கெடுதல் இல்லீங்களே?"

"தாய்ப்பால் மாதிரி."

"அப்ப நீங்க சாப்டுங்க. பிள்ளைக்கு ஒரு கரண்டின்னா உங்க ஒடம்புக்கு மூணு."

"இது சின்னப் பிள்ளைங்களுக்கும்மா."

"எல்லா வயசுக்கும்னு உங்க ஆட்டோதான சொல்லிச்சி."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. செம்மல் மூன்று கரண்டி விழுங்கினார். பிறகு மூளையில் ஏறும் வாயுவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அரை மணி நேரத்தில் நாக்கு குழறியது. தாடி மார்பில் இறங்கியது.

"சமாதி நிலைப்பா" என்றார் பின்வரிசைப் பலராமன். இரண்டு பேர் காலில் விழுந்தார்கள். குறட்டை வந்தது. அதையும் கும்பிட்டார்கள்.

தெய்வநாயகி மேடையேறி உலுக்கினாள். தன் எடுபிடி என்று நினைத்துக்கொண்டு செம்மல் கண் திறக்காமல் முனகினார்: "டேய், தூக்க மாத்திரய கம்மியா அரச்சிப் போடுன்னா கேக்குறியா..."

மைக் அணைக்கப்படவில்லை.

மண்டபம் அமைதியானது, லேகியம் சாப்பிடாமலே.

தெய்வநாயகி ஒரு கையில் லேகிய டப்பா, தோளில் மகன் என்று ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். மற்றவர்கள் செம்மலைப் போலீஸில் ஒப்படைத்துவிட்டு வாசலில் செருப்பைத் தேடினார்கள்.

"வானூர்ல ஒருத்தரு கயிறு மந்திரிச்சித் தர்றாராம்" என்றார் பலராமன். "கயித்துல மாத்திரை கலக்க முடியாது பாரு."

போங்கள். கயிறு கட்ட நீட்டுகிற கையை ஒரு தடவை உங்கள் தலையில் வைத்துப் பாருங்கள், உள்ளே ஏதாவது விழித்திருக்கிறதா என்று.