சூட்டுப்பெட்டிக்குக் காவல் இருந்தபடி பெரிய மச்சானுக்கு

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்கள் சமூகத்திற்கு,

நானும் மகளும் இங்கு சுகம். தங்கள் முழங்கால் வலியும் என்மேல் இருந்த வருத்தமும் சற்றுத் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். வரிசைப்படுத்தாமல் எழுதினால் எனக்குக் கை ஓடாது என்பது தாங்கள் அறிந்ததே. ஆகவே நேற்றுக் காலை, மகளின் ஆய்வுக்கூடத்துக்குப் புறப்படும் முன்பே, கடிதத்தின் சாரத்தை எழுதி வைத்துக்கொண்டேன்:

1. தாங்கள் எனக்கு இட்ட பணி.
2. பழ ஈயைப் பற்றி ஓரிரு வார்த்தை (சுருக்கமாக).
3. மகளின் பதில் (இனிமேல்தான் கேட்கவேண்டும்).
4. வெள்ளிக்கிழமை நேர்காணலுக்கு அவளை நான் அழைத்து வருவது உறுதி.

முதலாவது. "ஈயை வச்சுக்கிட்டு என்ன எதிர்காலம்? ஒரு தடவையாவது அப்பனா நின்னு கண்டிச்சுச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்று தாங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அவளுடைய வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை அவள் காட்டப்போகும் படங்களைப் பார்த்துத்தான் நீட்டிப்பதா வேண்டாமா என்று பேராசிரியை முடிவு செய்வார். அதே வெள்ளிக்கிழமைதான் தங்கள் நண்பரின் மருந்துக் கம்பெனியில் நேர்காணல். நிரந்தர வேலை, தங்கள் ஒரு வார்த்தையில் கிடைப்பது. இதையெல்லாம் எந்த வரிசையில் சொல்வது என்று பேருந்திலேயே மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

இரண்டாவதைச் சுருக்கமாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். அறை முழுக்கப் பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாய்கள், குழாய்க்குள் ஈ, ஈக்குக் கீழே சோளமாவும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி. அந்தக் கஞ்சியைக் காய்ச்சுவதற்கென்றே சம்பளத்துக்கு ஓர் அம்மாள் இருக்கிறார். மகள் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, எதையும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேராசிரியையைப் பார்க்கப் போனாள். நானும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் எதிரே ஓர் இரும்புப்பெட்டி. அதன் கதவு என் முழங்காலை உரசியது. கதவு சூடாக இருந்தது. மச்சான், பணிக்காலம் முழுவதையும் தடுப்பூசிக் கிடங்கில் கழித்தவன் நான். உயிருள்ள சரக்கு இருக்கும் பெட்டி சுடுகிறது என்றால் இன்றும் என்னால் சும்மா இருக்க முடியாது. திறந்து பார்த்தேன். சின்னச் சின்னத் தட்டுகள், தட்டுகளில் தூசுபோல முட்டைகள், முகத்தில் அனல். பெட்டி பழுதாகிவிட்டது, பாவம் பச்சைக்குழந்தைகள் என்று நினைத்து, ஒவ்வொரு தட்டாக எடுத்துப் பக்கத்து ஏசி அறையின் அலமாரியில், எழுதியிருந்த பக்கம் வெளியே தெரியும்படி அடுக்கிவைத்தேன். மனநிறைவாக இருந்தது. கஞ்சி அம்மாளிடம்கூடப் பெட்டி மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மகள் திரும்பி வந்தாள். மனப்பாடம் செய்ததை ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் "அப்பா, இதைப் பாருங்க" என்று நுண்ணோக்கியின் முன் தள்ளிவிட்டாள். பார்த்தேன். இருட்டுக்குள் ஓர் அரிசிமணி அளவுகூட இல்லாத கரு. அதற்குள் பச்சையாக ஒளிரும் தசைகள். உடலின் ஒவ்வொரு வளையத்திலும், பக்கத்துக்கு முப்பது, அதே எண்ணிக்கை, அதே சாய்வு, அதே இடம். கிடங்கில் மூன்று அலமாரியை ஒரே மாதிரி அடுக்க நான் எத்தனை பேரிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இங்கே கத்த யாருமே இல்லை. எப்படியம்மா என்றேன்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். பிழை இருந்தால் என்னுடையது. தொடக்கத்தில் எல்லாச் செல்களும் ஒன்றுபோலத்தான் இருக்குமாம். மேலே தோலாகப் போகும் செல்கள், கீழே இருப்பவற்றுக்கு நீ இன்ன இடத்தில் இருக்கிறாய் என்று சேதி அனுப்பும். அதைக் கேட்டு ஒரு சிறு கூட்டம் தயாராகும். அந்தக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு தசைக்குத் தலைவராகலாம். ஒன்று மட்டும் கொஞ்சம் முந்திக்கொண்டு, தொட்டுக்கொண்டிருக்கும் மற்றவற்றிடம் "நீ வேண்டாம்" என்று சொல்லும். அவை அடங்கிவிடும். மச்சான் தவறாக நினைக்கக்கூடாது, எனக்கு உடனே நம் வீட்டுக் கூடம்தான் ஞாபகம் வந்தது. எல்லோரும்தான் உட்கார்ந்திருப்போம், தாங்கள் கனைப்பீர்கள், அவ்வளவுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அடங்கிய செல்கள் வீணாவதில்லையாம்; அவைதான் பிறகு தலைவரோடு ஒவ்வொன்றாக ஒட்டிக் கலந்து தசையாகின்றன. அவை வராவிட்டால் தலைவர் நூல்போல மெலிந்து நிற்பாராம். வளர்ந்த தசையின் நுனி, தான் பிடித்துக்கொள்ளவேண்டிய செல்லைத் தேடிப் போகும். அந்தச் செல்லே வழி சொல்லும். பிடித்த பிறகு தசை திருப்பிச் சொல்லும் சேதியால்தான் அந்தச் செல்லும் உறுதிப்படும். கேட்கக் கேட்க எனக்குக் கண் கலங்கியது. எனக்குள்ளும் ஏதோ ஒரு காலத்தில் இப்படி யார் யாரோ பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள், நான் அறியாமலே.

"அந்த 'வேண்டாம்' காதுல விழலைன்னா என்ன ஆகும்? அதாம்பா என் வேலையே" என்றாள். ஒரு வகை ஈயின் செல்களுக்குக் குளிரில் காது கேட்குமாம், சூட்டில் செவிடாகிவிடுமாம். அப்போது எல்லாமே தலைவர்கள்; ஒட்டிக்கொள்ள ஆள் இல்லை. காட்டுகிறேன் வாருங்கள் என்று போய் இரும்புப்பெட்டியைத் திறந்தாள்.

பெட்டி காலி.

கஞ்சி அம்மாள் வாசலில் நின்று, "சார் அதுங்களை ஏசி ரூமுக்கு மாத்திட்டாரும்மா. பெட்டிக்கு மெக்கானிக் வேற வரணுமாம்" என்றார். மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். புதிதாக முட்டை எடுத்து, திரும்பச் சூட்டில் வைத்து, வெள்ளிக்கிழமைக்குள் படமெடுக்கவேண்டும்; ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்க முடியாது. அந்த அவசரத்தில், என் குழப்பத்தில், நேர்காணல் விஷயத்தை வரிசை தப்பி உளறிவிட்டேன்.

மூன்றாவது. அவள் கை வேலையை விடவில்லை. "போகச் சொன்னா போறேன்பா. மாமா என்ன சொன்னாருன்னு வேண்டாம். நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றாள். என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை, மச்சான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு, வேறு யாரும் இரக்கப்பட்டுத் திறந்துவிடாமல் இந்தப் பெட்டியின் முன் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறேன். இரவு மட்டும் வீட்டுக்குப் போய் வந்தேன். யோசித்தாகிவிட்டது. தங்கள் வார்த்தையை நான் என்றுமே தட்டியதில்லை. நான்காவது குறிப்பு அப்படியே நிற்கிறது.

அங்கே தங்களோடு இருக்கும் தங்கள் தங்கையிடம் நான் வேளைக்கு மாத்திரை போடுகிறேன் என்று தெரிவிக்கவும். அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும் குறைவின்றிச் சேரட்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொற்படி நடக்கும்
மாப்பிள்ளை

பின்குறிப்பு: கையொப்பமிட்டபின் மகள் கூப்பிட்டாள். நான் தவறாக இடம் மாற்றிய அந்த முட்டைகளை அவள் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். குளிரில் காது கேட்டு, அடங்கவேண்டியவை அடங்கி, ஒழுங்காக வளர்ந்திருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பச்சைத் தசை சட்டென்று துடித்தது. நின்றது. பிறகு பக்கத்துத் தசை. பிறகு உடல் முழுக்க ஒரு சிலிர்ப்பு. அதுவரை அசைந்தே அறியாத ஒன்று, முதன்முதலாக அசைந்ததை நான் பார்த்துவிட்டேன்.

நான்காவது குறிப்பு தவறு. மகள் வரமாட்டாள். தங்கள் நண்பருக்கு நானே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "மச்சானைக் கேட்டுட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனால் அவருக்குக் கேட்டுவிட்டது.