பிரசவ வகுப்பில் ஒரு டிரைவிங் வாத்தியார்

பிரசவ வகுப்புக்குப் போவதில்லை என்று தீர்மானித்தேன். தலைகீழாக நின்றாலும் போவதில்லை.

என் மனைவிக்கு ஏழாம் மாதம். ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைதோறும் பிரசவத்துக்குத் தயாராகும் வகுப்பு. எடுப்பது பிரசவ வார்டு சிஸ்டர். புருஷன்மாரும் பாயில் உட்கார்ந்து மூச்சு விடக் கற்க வேண்டுமாம்.

“பொறந்ததுலேர்ந்து மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்?”

“அதைத் தவிர உருப்படியா வேற என்ன செஞ்சிருக்கீங்க? கார் ஓட்டவே ஊருக்கெல்லாம் வகுப்பு எடுக்கிறீங்க. குழந்தை பெத்துக்க வகுப்பு வேண்டாமா?”

நான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். என்னைப் போய்ப் பாயில் உட்காரச் சொல்வதா?

“பெரிய டாக்டர்கிட்ட கேப்போம். அவர் வேண்டாம்னா விட்டுடணும்.”

“சரிங்க” என்றாள். அவள் உடனே ‘சரிங்க’ சொன்னால் ஆபத்து என்பது எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் உறைக்கும்.

பெரிய டாக்டர் சிரித்தார். “வகுப்பா? தரையில நீச்சல் பழகற மாதிரிதான். வலி வந்ததும் வாம்மா, மத்ததை நாங்க பாத்துக்கறோம்.”

பக்கத்தில் இருந்த மயக்க டாக்டரும் என் கட்சி. “முதுகுல ஒரு ஊசி போட்டா போதும். பயிற்சி எதுக்கு?”

மனைவிக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த அந்த வகுப்பு சிஸ்டர் தலை நிமிரவில்லை. “ஊசி போடுற வரைக்கும் பயந்து நடுங்குறவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது நாங்கதானே, டாக்டர்?”

பெரிய டாக்டர் அவசரமாக ஃபைலைப் புரட்டினார்.

“அப்போ எனக்கு வகுப்பு வேண்டாம்” என்றாள் மனைவி சாதுவாக. “இவருக்கு, டாக்டர்?”

டாக்டர் நிமிர்ந்தார். பிரஷர் கருவியைப் பார்த்ததற்கே என் சட்டை நனைந்திருந்தது.

“இவருக்குக் கட்டாயம் வேணும்.”

“ஆமாமா, இவருக்கும் ஊசி போட எனக்கு நேரமிருக்காது” என்றார் மயக்க டாக்டர். என் கட்சியே கவிழ்ந்தது.

நாலு சனிக்கிழமை. பத்து கர்ப்பிணிகள், அவர்களுடைய பத்து புருஷன்மார், தலையணையைக் கட்டிப்பிடித்தபடி தன்னந்தனியாக நான். முதுகு தேய்த்தேன். ஊதினேன். எனக்கு எத்தனையாவது மாதம் என்று ஒரு அம்மாள் விசாரித்தாள்.

ஒருநாள் மத்தியானம் வலி வந்தது. பிரசவ அறைக்குள் போனதும் வகுப்பில் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. வாயில் வந்தது தொழில்தான். “பதறாதே, கிளட்ச்சை மெதுவா விடு! மேடு வருது... ஏறிடலாம்... இதோ இறக்கம்!”

வலியிலும் சிரித்துவிட்டாள். என் கையை மட்டும் விடவில்லை. அந்தப் பிடியில்தான் எனக்குப் புரிந்தது, அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்று. தேய்க்க வேண்டிய இடம் என் இன்னொரு கைக்குத் தானாகத் தெரிந்தது. சிஸ்டருக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

சாயங்காலம் மகள் பிறந்தாள்.

“கூட வந்தவர் இப்படி நின்னா எனக்கே பாதி வேலை குறையுதே!” என்றார் பெரிய டாக்டர். “சிஸ்டர், இனிமே எல்லாரையும் உங்க வகுப்புக்கு அனுப்பறேன்.”

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். “வகுப்புக்கே வராம இவ எவ்வளவு அழகா மூச்சு விட்டா பாத்தீங்களா சிஸ்டர்? எல்லாம் என் கோச்சிங்.”

“வராமலா? புதன்கிழமையும் ஒரு வகுப்பு இருக்கே, அதுல இவங்கதானே ஃபர்ஸ்ட்! தனக்கு வேண்டாம்னு சொன்னாத்தான் நீங்க வருவீங்கன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க.”

மனைவியைப் பார்த்தேன். கோபம் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

“என்னங்க, அடுத்த வாரம் குழந்தையைக் குளிப்பாட்டுற வகுப்பு. பேர் கொடுத்திருக்கேன்.”

“நமக்கா?”

“உங்களுக்கு.”