பச்சைக்குள் ஒளிந்த பட்டன்

அழகர் பச்சைப் பட்டு உடுத்தி வைகையில் இறங்கினால் அந்த ஆண்டு செழிக்கும் என்பது மதுரைக்காரர்களின் நம்பிக்கை. இதில் வெப்சைட்டுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? அப்படிக் கேட்காதவர்கள்தான் அன்று வண்டியூர் கல்யாண மண்டபத்தில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தார்கள்.

மேடையில் 'வர்ண சித்தர்' காளை. போன வருஷம் வரை பெயின்ட் கடையில் கலர் கலந்தவர். இப்போது தலையெழுத்தையே கலந்து தருகிறார். நட்சத்திரத்தைச் சொன்னால் போதும், வெப்சைட்டுக்கு நிறம் சொல்லிவிடுவார். ரோகிணி நட்சத்திரப் பல் டாக்டருக்கு ரத்தச் சிவப்பு சொன்னார். அந்த வெப்சைட்டைப் பார்த்த நோயாளிகள் பல்வலியோடேயே இருந்துகொள்கிறோம் என்று முடிவுசெய்துவிட்டார்களாம்.

கறிவேப்பிலைத் தொக்கு செய்து வெப்சைட்டில் விற்கும் பாண்டிமீனாவுக்குப் போன மாதம் வந்தது பச்சை.

"அழகர் உடுத்துற பச்சை தாயி. மேல, கீழ அம்புட்டும் பச்சையா இருக்கணும். வேற நிறம் கலந்தா தோஷம்."

பின்னணி பச்சை. எழுத்து பச்சை. ஆர்டர் பட்டனும் பச்சை. அன்றோடு ஆர்டர் நின்றது. இந்த மாதமும் இப்படியே போனால் அடுப்பை அணைத்துவிட்டு, பழையபடி ஜவுளிக்கடையில் நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்கப் போகவேண்டியதுதான். அதனால் பரிகாரம் கேட்க வந்திருந்தாள். கூடவே அவளிடம் பாட்டில் நிரப்பும் லத்தீபாவும் வந்திருந்தாள்.

"பச்சை பத்தல தாயி. இன்னும் அடர்த்தியா வையி," என்றார் சித்தர். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

லத்தீபா போனை நீட்டினாள். "அண்ணே, இதுல நீங்களே ஒரு பாட்டில் ஆர்டர் போடுங்க. கையோட குடுத்துட்டுப் போறோம்."

சித்தர் மேலே தள்ளினார். கீழே தள்ளினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். போனைச் சாய்த்துப் பார்த்தார். மைக்கை அணைக்க மறந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது: "பட்டன் எங்கிட்டு தாயி இருக்கு?"

"அதத்தாண்ணே வாங்க வந்தவங்களும் ஒரு மாசமாத் தேடுறாங்க. உங்க வெப்சைட்டு மட்டும் வெள்ளையில கருப்பு எழுத்து. 'கட்டணம் செலுத்துக'ன்னு ஆரஞ்சுல இம்புட்டுப் பெரிய பட்டன். அது என்ன நட்சத்திரம்ணே?"

பின்வரிசையில் பல் டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். சித்தர் சமையல்கட்டு வழியாக ஓட்டம் பிடித்தார்.

பாண்டிமீனா அங்கேயே உட்கார்ந்து மாற்றினாள். வெள்ளைத் திரை, கருப்பு எழுத்து, பட்டன் மட்டும் பச்சை. முதல் ஆர்டர் போட்டவர் அந்தப் பல் டாக்டர்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

டோக்கனும் கையுமாக ஒருவர் லத்தீபாவிடம் ஓடிவந்தார். "தாயி, நான் உத்திராடம். எந்த நிறம் வைக்க?"

"கண்ணுக்குத் தெரியுற நிறம்ணே."

"அது எந்த ராசிக்கு?"

"கண்ணத் தொறந்து பாக்குற எல்லா ராசிக்கும். அதுக்கு டோக்கன் வேணாம்ணே!"